மடியும் மின்சாரமும்

“பால் இல்லாதவள்!”

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், பச்சை உடம்புடன் பாயில் கிடக்கும் பெண்ணின் காதில் விழும் சொல் இது. கண்ணேறு பட்டுவிட்டது என்பாள் ஒருத்தி. முற்பிறப்பில் எந்தப் பிள்ளையின் வயிற்றில் அடித்தாளோ என்பாள் இன்னொருத்தி. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவர். மந்திரித்த கயிறு கட்டுவர். குழந்தை அழும், தாயும் அழுவாள், பால் இறங்காது. இறங்காத பாலையே சாட்சியாகக் காட்டி, மறுபடியும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவர்.

இந்த வழக்கை நாம் கொஞ்சம் பொறுமையாக விசாரிக்க விரும்புகிறோம். சாட்சிகள் பல நாட்டினர், பல நூற்றாண்டினர். கிரேக்க மலையின் ஆடு வருகிறது. ஜெர்மானிய ஆய்வுக்கூடத்து நாய் வருகிறது. மின்னசோட்டாப் பசுவும் கேம்பிரிட்ஜ் முயலும் வருகின்றன. எல்லோருக்கும் நடுவே மின்சாரம் வருகிறது — ஒரு முறை மாயக்காரனாக, ஒரு முறை அறிவாளியாக!

முதல் சாட்சி கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விலங்குகளைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலில் ஓயிட்டா மலைப்பக்கத்து இடையர்களின் வழக்கம் ஒன்று பதிவாகியிருக்கிறது. கிடாவை அண்டவிடாத ஆட்டின் மடியை, நம் ஊர்ச் செந்தட்டியைப் போலத் தொட்டால் எரியும் சுணைச்செடி ஒன்றால் அழுத்தித் தேய்ப்பராம். முதலில் குருதி போன்ற நீர் வரும். பின்னர் சீழ் கலந்து வரும். விடாமல் தேய்த்தால் முடிவில் பால் வரும் — ஈன்ற ஆட்டுக்குக் குறையாத பால்! ஆட்டுக்கு அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால், அந்த இடையர்கள் தம்மை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டனர். மடியின் தோலில் எழும் எரிச்சல் எங்கோ சென்று, எதையோ எழுப்பி, பாலைக் கொணர்கிறது. எங்கே சென்றது? எதை எழுப்பியது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்க ஏறத்தாழ 2300 ஆண்டுகள் ஆயின.

அரிஸ்டாட்டிலுக்கு முந்திய நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் இன்னொரு செய்தியை எழுதிவைத்தார். சித்திய மக்கள் குதிரையிடம் பால் கறக்கும்போது ஒருவன் கறப்பான்; மற்றொருவன் எலும்புக் குழலைப் பெட்டைக் குதிரையின் பிறப்புறுப்பில் வைத்து ஊதுவான். காற்று நிறைந்து நரம்புகள் புடைக்க, மடி கீழே இறங்குகிறது என்று அவர்கள் விளக்கம் சொன்னார்களாம். விளக்கம் பொய். செய்கை பலித்தது மெய். இந்தக் குழலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் அது நம் நாட்டுக்கும் வருகிறது.

இடையனுக்குத் தெரிந்தது ஏட்டறிஞனுக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய மருத்துவம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தது என்ன? பால் என்பது கருப்பையின் குருதி. பிள்ளை பிறந்ததும் அந்தக் குருதி மேலேறி, மார்பில் வெளுத்துப் பாலாகிறது — இதுதான். கருப்பைக்கும் மார்புக்கும் இடையே ஒரு குழாய் இருந்தாக வேண்டும் என்றும் நம்பினர். லியோனார்டோ டா வின்சி 1490களில் வரைந்த உடற்கூற்றுப் படம் ஒன்றில் அந்தக் குழாயைக் காணலாம். இல்லாத குழாயை, இருப்பதாக நூல் சொன்னதால் வரைந்தார்! கண் கண்டதை எழுதுவதில் நிகரற்ற அந்தக் கைகூட, ஏடு சொன்னதற்கு ஒரு முறை பணிந்துவிட்டது. ஏட்டின் அதிகாரம் எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ‘ஞானப்பால்’ கதை கேட்டு வளர்ந்த நாட்டினராகிய நாம் இதற்காக ஐரோப்பாவைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

இந்தக் கொள்கைக்கு ஒரு சமூக விளைவு உண்டு. கருவுறாதவளுக்குப் பால் ஏது என்று அது தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாயற்ற குழந்தையை வாரி அணைத்த சிற்றன்னையும், பேரனை மார்பில் போட்டுக்கொண்ட பாட்டியும் பாலூட்டிய செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. அவற்றைக் கட்டுக்கதை என்றோ அற்புதம் என்றோ தள்ளினர். 1799இல் தென்னமெரிக்கா சென்ற ஹம்போல்ட் எனும் ஜெர்மானிய ஆய்வாளர், வெனிசுலாவில் அரேனாஸ் எனும் சிற்றூரின் உழவன் பிரான்சிஸ்கோ லொசானோவைப் பற்றி எழுதினார். மனைவி நோயுற்றபோது, அழும் குழந்தையை அமைதிப்படுத்த அவன் மார்போடு அணைத்தான், குழந்தை சப்பியது, சில நாளில் பால் சுரந்தது, ஐந்து மாதம் ஊட்டினான். ஹம்போல்ட்டின் தோழர் போன்ப்ளான் அவன் மார்பைச் சோதித்துப் பார்த்தார். அற்புதம் என்று ஹம்போல்ட் சொல்லவில்லை. குழந்தையின் வாய் காம்பை உறுத்தியதால் பால் திரண்டது என்று காரணம் காட்டினார். அறிவியலாளருக்கும் புராணிகருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அதற்குள் இத்தாலியில் மின்சாரம் மேடையேறிவிட்டது. 1791இல் கால்வானி தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்த ஆய்வை வெளியிட்டார். 1800இல் வோல்ட்டா மின்கலத்தை அமைத்தார். 1803இல் கால்வானியின் மருமகன் ஆல்டினி, இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணத்தில் மின்சாரம் பாய்ச்சினார், தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. கூட்டம் அலறியது! நரம்பு என்பது ஆவி உலவும் குழல் அன்று, மின்சாரத்துக்கு விடையளிக்கும் இழை என்பது புலனாயிற்று. மாபெரும் அறிவு அது. ஆனால், அறிவு பிறந்த வீட்டின் திண்ணையிலேயே வணிகனும் கடை விரித்துவிட்டான். வாதத்துக்கு மின்சாரம், காதடைப்புக்கு மின்சாரம், ஆண்மைக்கு மின்சார இடைவார் என்று 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா பித்தேறி அலைந்தது.

பாலுக்கும் மின்சாரம் வந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் சில மருத்துவர்கள், பால் வற்றிய தாயரின் மார்பில் ஈரத் துணி சுற்றிய மின்முனைகளை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தினர். பால் திரும்பியது என்று மருத்துவ இதழ்களில் எழுதினர். மோசடி என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களுள் நேர்மையாளர் இருந்தனர். ஆனால், ஒரு கேள்வியை அவர்கள் கேட்கத் தவறினர். மின்சாரம் வைத்த நாள்களில் குழந்தையையும் மார்பில் விட்டார்களே, பால் வந்தது மின்சாரத்தாலா, குழந்தையின் வாயாலா? மின்சாரம் வைக்காமல் குழந்தையை மட்டும் விட்ட தாயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இல்லை. ஒப்பிடாத சான்று, தாயத்துக் கட்டியபின் காய்ச்சல் இறங்கியது என்று சொல்லும் சான்றுக்கு அண்ணன் தம்பிதான்.

நரம்பைத் தூண்டிப் பார்த்தவர்கள் ஒரு புறம் இருக்க, நரம்பை அறுத்துப் பார்த்தவர்கள் மறுபுறம் கிளம்பினர். 1850களில் ஜெர்மனியில் எக்ஹார்ட், ஆட்டின் மடிக்குச் செல்லும் நரம்பை வெட்டினார். பால் சுரப்பு நிற்கவில்லை. 1874இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக் கோல்ட்ஸ், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பெட்டை நாய் ஒன்று கருவுற்று, குட்டி ஈன்று, பாலூட்டியதை எழுதினார். 1898இல் ரிபெர்ட் அதையும் தாண்டினார். கினிப்பன்றியின் பால்சுரப்பியை எடுத்து அதன் காதில் ஒட்டவைத்தார். அது குட்டி ஈன்றபோது காதில் பால் சுரந்தது! கருப்பையிலிருந்து குழாய் என்றாரே லியோனார்டோ — காதுக்கு எந்தக் குழாய்? பழைய நரம்புகள்தாம் காதுவரை நீண்டனவா? குருதி ஒன்றே எங்கும் செல்லும் வழி. அந்தக் குருதியில் ஏதோ ஒரு செய்தி கலந்து ஓடுகிறது என்பது தெளிவாயிற்று.

இப்போது அறிஞர் உலகம் மறுகோடிக்கு ஓடியது. நரம்புக்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை என்றனர் பலர். அப்படியானால் ஓயிட்டா மலை ஆட்டின் எரிச்சல் எங்கே போயிற்று? லொசானோவின் மார்பு ஏன் சுரந்தது? நம் உழவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கன்றை முட்டவிட்டு, மாடு ‘சுரப்பு விட்ட’ பிறகே அவன் செம்பை மடிக்கடியில் வைக்கிறான். கன்று செத்துவிட்டால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்துகிறான். மாடு நக்குகிறது, சுரப்பு விடுகிறது. வைக்கோல் கன்றிலிருந்து எந்தக் குருதி மாட்டின் உடலுக்குள் போயிற்று?

சிக்கலை அவிழ்த்த நூலின் ஒரு முனை மூளையடியில் கிடந்தது. கடலையளவே உள்ள பிட்யூட்டரி எனும் சுரப்பி அங்கே தொங்குகிறது. 1906இல் ஹென்றி டேல், அதன் பின்பகுதியின் சாற்றைப் பூனைக்குச் செலுத்தியபோது கருப்பை இறுகுவதைக் கண்டார். 1910இல் பிலடெல்பியாவில் ஆட், ஸ்காட் இருவரும் அதே சாற்றை ஆட்டுக்குச் செலுத்தினர். மடியிலிருந்து பால் பீறிட்டது. பாலைப் பெருக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் துள்ளினர். இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கெய்ன்ஸ் 1915இல் அந்தத் துள்ளலுக்கு அணை போட்டார். பால் உண்டாவது வேறு, உண்டான பால் வெளியே தள்ளப்படுவது வேறு என்றார் அவர். எளிய வேறுபாடு, ஆனால், அதைப் பிரித்துக் காண அத்தனை காலம் ஆயிற்று. மடி நிறையப் பால் இருக்கலாம். தள்ளும் செயல் நிகழாவிட்டால் துளியும் வராது. மயக்க மருந்து கொடுத்த விலங்கிடம் குட்டி எவ்வளவு சப்பினும் பால் இறங்கவில்லை. பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் செலுத்தியதும் இறங்கியது. ஆக, மயக்கத்தில் உறங்கியது மடி அன்று, நரம்பு!

அடுத்து மின்னசோட்டாப் பசு சாட்சி சொல்கிறது. 1941இல் ஈலி, பீட்டர்சன் எனும் இருவர், பசுமடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, மறுபாதியை அப்படியே விட்டனர். கறந்தபோது இரு பாதியிலும் ஒன்றுபோல் பால் இறங்கியது. அறுபடாத பாதியின் நரம்பு செய்தியை மேலே கொண்டுசென்றது; அங்கிருந்து குருதி விடையை இரு பாதிக்கும் கொண்டுவந்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் நம் வழக்குக்கு உயிரான செய்தி. கறக்கும் வேளையில் பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றினர்; காகிதப் பைகளை ஊதி, சில நொடிக்கொரு தரம் வெடித்தனர். பசு மிரண்டது. பால் நின்றது. அச்சத்தின்போது உடலில் பெருகும் அட்ரினலினை ஊசியாகச் செலுத்தியும் அதே விளைவைக் கண்டனர்.

பசு மிரண்டால் பால் நிற்கிறது. பெண் மிரண்டால்?

1948இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் எனும் அமெரிக்கத் தம்பதியர் அதையும் அளந்தனர். பாலூட்டும் தாய் ஒருத்தியின் காலைப் பனிக்கட்டி நீரில் வைத்தனர். கால் பெருவிரலை வலிக்க இழுத்தனர். விரைந்து விரைந்து கணக்குக் கேட்டு, விடை தவறினால் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தனர். இங்கே மின்சாரம் பாலைக் கொணரவில்லை, பாலை நிறுத்தியது! தொல்லையில்லாத நாளில் குழந்தை குடித்தது சராசரி 168 கிராம். தொல்லை கொடுத்து, வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்ட நாளில் 99 கிராம். தொல்லையும் கொடுத்து, பிட்யூட்டரியின் ஆக்சிடோசினையும் போட்ட நாளில் 153 கிராம். ஒரே தாய், ஒரே குழந்தை. பால் மார்பில்தான் இருந்தது. பயம் கதவைச் சாத்தியது. ஊசி கதவைத் திறந்தது.

மாமியாரின் ஏச்சு பனிக்கட்டி நீரைவிடக் குளிர்ச்சியானதா? உறவினர் கூடி நின்று “இறங்கியதா, இறங்கியதா” என்று கேட்பது கணக்குக் கேட்பதைவிட இனிமையானதா? பால் இல்லாதவள் என்று சொல்லிச் சொல்லியே பாலை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! போதாக்குறைக்கு, தாயின் மார்பில் முதலில் ஊறும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைக்கும் வழக்கமும் உண்டு. காம்பைச் சப்ப வேண்டிய வாயை வேறு சுவை காட்டித் திருப்பிவிட்டு, காம்பு ஏன் விடை தரவில்லை என்று கேட்பது என்ன நீதி? அந்தச் சொல்லை நம்பித்தான் பால்மாவு டப்பாக்களும் விற்றன. 1981இல் உலக சுகாதார அமைப்பு விளம்பரத்துக்கு நெறி வகுத்ததும், 1992இல் இந்தியா தனிச் சட்டம் இயற்றியதும் அந்த விற்பனையின் பின்கதை.

மின்சாரம் அறிவாளியாகத் திரும்பிவந்ததை இனிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் மின்முனையை மார்பில் வைத்தனர். கேம்பிரிட்ஜில் கிராஸ், ஹாரிஸ் இருவரும் அதை மூளையில் வைத்தனர். பாலூட்டும் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஹைப்போதலாமஸ் எனும் மூளைப்பகுதியிலிருந்து பிட்யூட்டரிக்கு இறங்கும் நரம்புக் கற்றையை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினர். சற்று நேரத்தில் பால் பாய்ந்தது. குட்டி சப்பவில்லை, கை கறக்கவில்லை. அந்த ஆய்வு 1952இல் வெளியாயிற்று. சுவீடனில் ஆண்டர்சன் ஆட்டிடமும் அதே விளைவைக் கண்டிருந்தார். இடையில் 1949இல் ரிச்சர்ட்சன் எனும் ஆய்வாளர், பால் ஊறும் நுண்பைகளைக் கூடைபோல் பின்னிப் பிடித்திருக்கும் சுருங்கும் உயிரணுக்களைக் காட்டினார். 1953இல் டு விக்னோ, ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

வட்டம் முழுமையாயிற்று. குழந்தையின் வாய் காம்பை உறுத்துகிறது. விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகள், குறிப்பாக நான்காவது, அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்கின்றன. அது மூளைக்கு ஏறுகிறது. பிட்யூட்டரி ஆக்சிடோசினைக் குருதியில் விடுகிறது. கூடைகள் சுருங்குகின்றன, பால் பாய்கிறது. ஏறும் வழி நரம்பு, இறங்கும் வழி குருதி! நரம்பை அறுத்தவரும் நரம்பைத் தூண்டியவரும் ஆளுக்குப் பாதி வழியைக் கண்டு, அதுவே முழு வழி என்று நூறாண்டு சண்டையிட்டிருக்கின்றனர். மூளைக்குள் இது எப்படி நிகழ்கிறது என்பதையும் 1973இல் வேக்கர்லி, லிங்கன் இருவரும் எலியிடம் கேட்டறிந்தனர். குட்டிகள் ஓயாமல் சப்பிக்கொண்டே இருக்க, அந்த நரம்பணுக்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒன்றுகூடி மின்துடிப்பு மழை பொழிகின்றன. பத்துப் பதினைந்து நொடியில் பால் இறங்குகிறது.

ஹெரோடோட்டசின் குழல் இப்போது விளங்கும். கருப்பையின் கழுத்து விரிந்தாலும் செய்தி மூளைக்கு ஏறி, ஆக்சிடோசின் இறங்குகிறது. பெர்குசன் 1941இல் இதை முயலிடம் நிறுவினார். காற்று நரம்பைப் புடைக்கச் செய்யவில்லை. நரம்பு வழியே செய்தி போயிற்று. இந்தக் கொடுமை ‘பூக்கா’ என்ற பெயரில் நம் நாட்டு மாட்டுக் கொட்டில்களிலும் நடந்தது. கல்கத்தாவில் நடந்த அந்தச் சித்திரவதையைப் படித்தது, 1912இல் காந்தியார் பாலை விட்டதற்கு ஒரு காரணம். பின்னர் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பாலை மட்டும் ஏற்றார். பசுவைத் தாய் என்று கும்பிடும் நாட்டில் அந்தத் தாய்க்கு இந்த மரியாதை! 1890ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் தடுக்கிறது. குழல் போனது, ஊசி வந்தது. கறவைக்கு ஆக்சிடோசின் போட்டுக் கறக்கும் பழக்கம் பரவியது. அது பாலைப் பீய்ச்சித் தள்ளும் மருந்து என்பதைக் கெய்ன்ஸ் 1915லேயே பிரித்துக் காட்டிவிட்டார். கொட்டில்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 2018 ஏப்ரலில் நடுவணரசு தனியார் இம்மருந்தைச் செய்வதைத் தடுத்தது. பேறுகாலக் குருதிப்பெருக்கிலிருந்து தாயரைக் காக்கும் மருந்தும் இதுவே அல்லவா? அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மாட்டைக் காக்கப் புறப்பட்ட ஆணை, மருத்துவமனையில் குருதி சிந்தும் பெண்ணை எண்ணிப் பார்க்கவில்லை.

பால் வெளிவரும் கதை இதுவரை சொன்னோம். பால் உண்டாவதற்கு வேறு சுரப்புநீர் தலைமை தாங்குகிறது. 1928இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஸ்டிரிக்கர், க்ரூட்டர் இருவரும் பிட்யூட்டரியின் முன்பகுதிச் சாறு முயலிடம் பாலை உண்டாக்குவதைக் கண்டனர். அதற்குப் புரோலாக்டின் என்று பெயர் நிலைத்தது. 1934இல் செல்யேயும் அவர் தோழர்களும் எலியின் பால்குழாய்களைக் கட்டிவிட்டனர். குட்டிக்கு ஒரு துளியும் வராது. ஆனாலும் குட்டிகள் சப்பிக்கொண்டே இருந்த எலியின் சுரப்பி வற்றிச் சுருங்கவில்லை. சப்புதல் என்னும் தூண்டலே சுரப்பியை உயிரோடு வைத்திருந்தது. ஓயிட்டா மலை இடையனுக்குக் கிடைத்த விடை இது. லொசானோவுக்கும் இதுவே விடை.

வளர்ப்புத் தாய்க்கும் இதுவே வழி. 1994இல் பாப்புவா நியூகினியிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், பிள்ளை பெறாத நிலையில் குழந்தையை ஏற்ற 37 பெண்களுக்கு மருந்தும் கொடுத்து, குழந்தையை அடிக்கடி சப்பவும் விட்டனர். நூற்றுக்கு 89 என்ற விகிதத்தில் பால் சுரந்தது. 2018இல் நியூயார்க் மருத்துவர்கள் ஒரு திருநங்கையைப் பற்றி எழுதினர். சுரப்புநீர் மருந்துகளும் பால் உறிஞ்சு கருவியும் துணையாக, நாளொன்றுக்குச் சுமார் 8 அவுன்ஸ் பால் பெற்று, முதல் ஆறு வாரம் குழந்தைக்கு அதை மட்டுமே ஊட்டினாராம். பால் பெற்ற வயிற்றின் உரிமை என்று எழுதிவைத்தவர்கள் இந்த இரு செய்திகளையும் எந்தப் பக்கத்தில் ஒட்டுவார்கள்?

மின்கருவியை மறுபடியும் மார்பில் வைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1965இல் மெல்சாக், வால் இருவரும் வலியைப் பற்றிப் புதுக் கொள்கை சொன்ன பிறகு, தோலின்மேல் தகடு ஒட்டி நரம்பைத் தூண்டும் ‘டென்ஸ்’ எனும் சிறு கருவி வலி தணிக்கப் புழங்கத் தொடங்கியது. 1980களில் சில மருத்துவர்கள் அத்தகைய மின்தூண்டலைக் கருவுற்ற பெண்ணின் முலைக்காம்பில் கொடுத்து, கருப்பை இறுகி மகப்பேறு தொடங்குகிறதா என்று பார்த்தனர், இறுகியது. காம்பின் நரம்பை மின்சாரத்தால் எழுப்பினால் மூளை விடை தருகிறது என்பதற்கு இது சான்று. கருவுற்றவள் விளையாட்டாக இதைச் செய்துபார்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று. ஆனால், பால் சுரப்பதற்கு இது குழந்தையின் வாயைவிடவும், பால் உறிஞ்சு கருவியைவிடவும் மேலானது என்று காட்டும் பேராய்வு எதுவும் நிலைபெறவில்லை. இந்த நிலையில், பெட்டியைக் காட்டிப் பால் வாக்களிப்பவனிடம் நாம் கேட்க வேண்டியது, 1850களின் மருத்துவரிடம் கேட்காமல் விட்ட அதே கேள்விதான். தாயத்து விற்பவனிடம் சான்று கேட்கும் நாம், மின்கம்பி இருக்கிறது என்பதற்காக வாய் மூடலாகாது.

நரம்பு உண்மையிலேயே அறுந்துபோன தாயர் இருக்கின்றனர். விபத்தில் கழுத்துத் தண்டுவடம் முறிந்து கைகால் விளங்காமற்போனவர்கள் அவர்கள். காம்பில் குழந்தை சப்பும் செய்தி மூளையை அடையாது. எந்த மின்தகட்டை மார்பில் ஒட்டினும் பயனில்லை. பாதை அங்கே இல்லை. 2005இல் வெளியான மருத்துவக் குறிப்பொன்று, அத்தகைய மூன்று தாயரின் வரலாற்றைச் சொல்கிறது. கன்றைக் கண்டே சுரப்பு விடும் மாடுபோல், மூளைக்குக் கண்ணும் காதும் நினைவும் வேறு வாயில்களாக உள்ளன. உடலைத் தளர்த்தி, குழந்தை பால் குடிப்பதை மனத்தில் எண்ணிப் பழகியும், ஆக்சிடோசினை மூக்கில் தெளித்துக்கொண்டும், அவர்கள் பாலை இறங்கவைத்தனர். குழந்தைகள் குடித்தன.